அப்பா கேட்ட குரல்

இயேசு யாரையும் வெளியே தள்ளியதில்லை என்றுதான் எப்சிபா தன் பாட்காஸ்ட்டில் வாராவாரம் பேசிவந்தாள். இன்னொரு ஆணை நேசித்ததற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட தம்பி அஜினை அப்பா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவள் ஜெபம். அப்பாவும் விடாமல் கேட்டு, "ஆண்டவர்தான் ஒன்ன பேச வைக்காரு மக்ளே" என்று பூரித்தார்.

அதை நம்பி, கிறிஸ்துமஸ் அன்று தம்பியை வீட்டுக்கு அழைத்துவந்தாள். அப்பா வாசலை மறித்தார்.

"இவன உள்ள விடக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

அவர் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். கேட்பவரின் மனசுக்குத் தக்கபடி பாட்காஸ்ட் செயலி அவள் வார்த்தைகளையே மாற்றியிருந்தது; அவளுடைய அதே குரல், பாவியை விலக்கிவை என்று கனிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்பா, இது நான் பேசினதே இல்லப்பா!"

"எம்புள்ள கொரலு எனக்குத் தெரியாதா?"

கதவு சாத்தப்பட்டது. அஜின் அவளையே பார்த்தான்.

"நெசமாவே நீ சொல்லலியா, அக்கா?"