இருபது அடிக் குழாய்

"யார் எழுதிப் போட்டது? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

முட்டைகோஸ் வயலின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார் மூணுகாலார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பேர். முகத்துக்கு நேரே கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது.

எதிரே மின்சார ஆபீஸ் இன்ஸ்பெக்டர், கையில் ஒரு கடிதத்தோடு. தலைக்கு மேலே உயர் அழுத்த மின்சார டவர் லைன் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

"மொட்டைக் கடுதாசிங்க. பேர் இல்ல. ஆனா எழுதியிருக்கறது உண்மைதானே? தண்ணி பாய்ச்சற இருபது அடி அலுமினியக் குழாயை லைனுக்கு அடியில செங்குத்தா நிமித்துறீங்களா, இல்லையா?"

"நிமித்தாம? ராத்திரியில தவளையும் சேறும் உள்ள போய் அடைச்சுக்குது. நிமித்தி ஒரு தட்டு தட்டினா எல்லாம் கொட்டிடும். பதினாலு வருஷமா தினம் காலைல இதைத்தான் பண்றேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

"ஆகியிருந்தா கேக்கறதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

குழாய்களைப் பாதியாக அறுக்க வேண்டும். இனி எதையும் நிமிர்த்த மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் லைனுக்கு அடியில் பயிர் வைக்கவே கூடாது என்று எழுதிவிடுவாராம். மூணுகாலாருக்கு இருப்பதே ஒன்றரை ஏக்கர். அது முழுக்க லைனுக்கு அடியில்தான்.

"கையெழுத்துப் போட்டுடுங்களேன்" என்றாள் வரப்பில் நின்ற மனைவி.

"நீ சும்மா இரு. இது யார் பார்த்த வேலைன்னு எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது பக்கத்து வயல் மச்சானை. ரத்த சொந்தம் இல்லை. மனைவி அவரை அண்ணன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு முறை அதுவாகவே அமைந்துவிட்டது. பத்து நாளைக்கு முன்னால், "குழாயை நிமித்தாதே மாப்ள, மேலே கரண்டு கம்பி போகுது" என்று சொன்னவரும் அவர்தான்.

மூணுகாலார் விறுவிறுவென்று வரப்பைத் தாண்டினார். மச்சான் வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"எழுதினது நீதானே?"

மச்சான் நிமிர்ந்தார். மூணுகாலாரின் தோளைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமா. நான்தான்" என்றார்.

அதற்குப் பிறகு மூணுகாலார் வாயிலிருந்து வந்ததில் பாதியை அச்சில் ஏற்ற முடியாது. கூட இருந்தே குழி பறித்தவன், நல்ல பாம்பு, அடுத்தவன் பயிர் பச்சையாக இருந்தால் பொறுக்காதவன். கடைசியில், "செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மச்சான் மறுபடி களைக்குக் குனிந்துவிட்டார்.

வயலுக்கு வந்தபோது பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து ஒரு டியூப் லைட்டை எடுத்து வந்தார். வெறும் டியூப்.

"ஒயர் எதுவும் இல்ல, நல்லா பார்த்துக்குங்க. ஒரு முனையைப் பிடிச்சு மேல காட்டுங்க."

வாங்கிக் காட்டினார். டியூப் லைட் அவர் கையிலேயே மங்கலாக எரிந்தது.

"கம்பி எங்கேயோ உசரத்துல இருக்கு. இந்த நாலடி டியூபுக்கே இவ்வளவு வருது. இருபதடிக் குழாய் நிமிர்ந்தா கம்பியைத் தொடணும்னு கூட அவசியம் இல்லைங்க. கிட்டப் போனாலே கரண்டு தாவி வந்து பிடிச்சுக்கும்."

மூணுகாலாருக்குப் பதினாலு வருஷத்துக் காலைகளும் மொத்தமாகக் கண்முன் வந்து நின்றன. வரப்பில் பொத்தென்று உட்கார்ந்தார். மனைவி கொடுத்த செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்த பிறகுதான், செத்துப் போகாமல் இருக்கிறோமே என்ற ஆறுதல் நெஞ்சில் மெல்ல இறங்கியது.

கையெழுத்துப் போட்டார். ரம்பத்தை வாங்கி முதல் குழாயைத் தானே அறுத்தார். இன்ஸ்பெக்டர் ஜீப் கிளம்பியதும் நேரே மச்சானிடம் போனார். மச்சான் மோட்டார் ரூம் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீ எழுதலேன்னா நான் என்னிக்காவது ஒரு நாள் கரிக்கட்டையா விழுந்திருப்பேன். பேசினதை மனசுல வச்சுக்காதே."

முயலுக்கு நாலு கால்தான் என்று அவர் ஒப்புக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மச்சானுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"திட்டினப்போ பேசாம வாங்கிக்கிட்டேன் மாப்ள. நன்றியை அப்படி வாங்கிக்க முடியல. நான் எழுதல. தபால்ல போட்டது மட்டும்தான் நான்."

"அப்போ யாரு?"

"தங்கச்சிதான். 'பழி வந்தா நீங்க ஏத்துக்குங்கண்ணே. நான்னு தெரிஞ்சா அவரு கோவிச்சுக்கிட்டுப் பட்டினி கிடப்பாரு'ன்னு சொல்லுச்சு."

மூணுகாலார் வீட்டுக்கு வந்தார். மனைவி தட்டை வைத்துச் சோற்றைப் போட்டாள். வழக்கமில்லாத வழக்கமாக, அவள் உட்காரும் வரை அவர் கை வைக்கவில்லை.

"ஏம்மா, மொட்டைக் கடுதாசி எழுதற அளவுக்கா போகணும்? என்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பதினாலு வருஷமா தினம் காலைல சொன்னேன். நான் சொன்னா அது நச்சரிப்பு. அதையே ஒருத்தர் ஜீப்புல வந்து சொன்னா சட்டம். அதான் ஜீப்பை வரவழைச்சேன்."