புறவழிச்சாலை வேண்டாம்

ஓட்டுநர் இல்லாத அமரர் ஊர்தி தானாகவே வந்து வாசலில் நின்றது. "புறவழிச்சாலையில் சென்றால் மயானம் பக்கம். ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை" என்று அறிவித்தது.

தமயந்தி அதன் கதவை அறைந்து சாத்தினாள். "எங்கப்பா காலம்பூரா மவுண்ட் ரோட்டுல ஆட்டோ ஓட்டுனவரு. அந்த வழியாத்தான் போவாரு."

அவள் பாடையில் கை வைத்ததும் மாமா தடுத்தார். "பொம்பளப் புள்ள தூக்கக் கூடாதும்மா."

"இந்த மாதிரி வண்டிங்க வந்து அவரு ஆட்டோவ நிறுத்துனப்போ அவருகூட யாரு நின்னா மாமா? நான்தானே. அந்தப் பக்கம் புடிங்க."

பறை முழங்க, மவுண்ட் ரோட்டின் நட்டநடுவில் நடந்தார்கள். மனிதர்கள் குறுக்கே வந்தால் நின்றுவிட வேண்டும் என்பதுதான் தானியங்கி வண்டிகளுக்கு விதி. முதல் வண்டி நின்றது. அதன் பின்னால் ஒவ்வொன்றாகக் கிண்டி வரை நின்றன. உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். கம்பத்திலிருந்த ஒலிபெருக்கி கலைந்து போகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

மாமாவின் நடை வேகமெடுத்தது.

"மெதுவா நடங்க மாமா," என்றாள் தமயந்தி. "அவரு பொழப்புல மண்ணள்ளிப் போட்ட வண்டிங்க. அவரு போற வரைக்கும் நிக்கட்டும்."