சாய்தளத்தின் குறுக்கே ஒரு மொபெட்

அன்று காலை பேருந்து நிலையத்தின் கீழ்ப்பக்க நடைமேடையருகே இருந்தவர்கள்: டீக்கடை அப்துல்லா, பூக்கட்டும் கோமதித்தாய், திருவேங்கடம் ஊருக்குப் போகும் மினி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் தங்கப்பழம், ஏட்டு விஜயராஜ், சக்கர நாற்காலியில் ஜெராக்ஸ் கடை இசக்கிசெல்வி. ஆறாவதாகச் சேர்ப்பதென்றால், சாய்தளத்தின் அடிவாரத்தில் குறுக்கே நின்ற தங்கப்பழத்தின் பழைய மொபெட்.

பிரச்சினையே அதுதான்.

இசக்கிசெல்வியின் கடை நடைமேடைக்கு மேலே. சாலையிலிருந்து மூன்று படி. கடை போட்ட நாள் முதல் ரெண்டு பேரைக் கூப்பிட்டுத்தான் நாற்காலியோடு அவளை ஏற்ற வேண்டியிருந்தது. தூக்குகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் அத்தனை கூட்டத்தில் மூட்டை மாதிரி உயரே போவதில் அவளுக்கு உயிர் போகும். மனுமேல் மனு போட்டு, அலையாய் அலைந்து, சிமெண்டில் இந்தச் சாய்தளத்தை வாங்கினாள். வேலை முடிந்த அன்று எல்லோரும் கேட்கவே சொன்னாள்:

"இனிமே நான் ஒருத்தரையும் கூப்பிடாம என் கடைக்குப் போவேன்."

மறுநாளே தங்கப்பழம் மொபெட்டைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்திவிட்டார்.

அவள் கீழே இருந்து "அண்ணாச்சி" என்று குரல் கொடுக்க வேண்டும். "வந்துட்டியா தாயி" என்று அவர் ஓடி வருவார். வண்டியைக் கிளப்பக்கூட மாட்டார், தள்ளியே நகர்த்துவார். அவள் ஏறியதும் பழையபடி குறுக்கே வைப்பார். மதியம் இறங்க ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை இதே கதை. ரெண்டு பேரைக் கூப்பிட்டது போய் இப்போது ஒருத்தரைக் கூப்பிடுகிறாள். இதற்கா அத்தனை மனு?

"அது என்ன அண்ணாச்சி, சாமி வாகனமா? வச்ச இடத்தை விட்டு அசைய மாட்டேங்குதே" என்று கோமதித்தாய்கூடக் கேலி செய்து பார்த்தாள். அவர் பல்லைக் காட்டிவிட்டு "திருவேங்கடம், திருவேங்கடம்" என்று கத்தப் போய்விட்டார்.

பொறுத்துப் பார்த்த இசக்கிசெல்வி, அன்று ஏட்டையாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

ஏட்டு லோடு ஆட்டோவை வரச் சொன்னார். மொபெட்டைத் தூக்கி ஏற்றும்போது தங்கப்பழம் பக்கத்தில் வந்தார்.

"தாயி, ஒண்ணு சொல்லுதேன் கேளு..."

"சொல்லுததை ஸ்டேஷன்ல சொல்லுங்க அண்ணாச்சி."

ஆட்டோ போனது. அவள் சக்கரத்தைத் தானே உருட்டி, யாரையும் கூப்பிடாமல் ஏறினாள். அப்துல்லா கொண்டுவந்த இஞ்சி டீ அன்றைக்குத் தனி ருசியாக இருந்தது.

மதியம் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினாள். சாய்தளத்தைப் பார்த்ததும் கை சக்கரத்திலேயே நின்றுவிட்டது.

அடியிலிருந்து பாதி வரைக்கும் ஏழு பைக். ஏழும் பூட்டியிருந்தன. நிறுத்தியவர்கள் ராஜபாளையம் பஸ்ஸிலும் தென்காசி பஸ்ஸிலும் ஏறிப் போய்விட்டார்கள். சாயங்காலம்தான் வருவார்கள்.

வேறு வழியில்லை. ரெண்டு பேர் வந்து தூக்கினார்கள். ஒரு பக்கம் அப்துல்லா, மறுபக்கம் தங்கப்பழம். அவர் நாற்காலி சாயாமல் இறக்குவதிலேயே கண்ணாக இருந்தார்.

"இத்தனை நாளும் இவங்க எல்லாம் எங்கன இருந்தாங்க?" என்றாள் இசக்கிசெல்வி ஆத்திரத்தோடு.

"எங்கனயும் போகல" என்றாள் கோமதித்தாய், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "டெய்லி வருவாங்க. உங்க அண்ணாச்சி வண்டி குறுக்க நிக்கதைப் பாத்துட்டு, திட்டிக்கிட்டே வேற இடத்துக்குப் போவாங்க."

இசக்கிசெல்வி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீ எங்க சொல்ல விட்ட?" என்றார் தங்கப்பழம். "முதல் நாளு நீ மேல போன கொஞ்ச நேரத்துல ஒருத்தன் பைக்கை நிப்பாட்டுனான். எடுப்பான்னேன். சட்டையைப் பிடிச்சிட்டான். ஆளு சொன்னா சண்டைக்கு வாரான் தாயி. வண்டி நின்னா பேசாமப் போயிருதான்."

சாப்பாட்டை மறந்து நேரே ஸ்டேஷனுக்கு உருட்டினாள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். ஏட்டு சிரித்தார்.

"நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன். இதுக்கு எப்படிம்மா கேஸ் எழுத?"

மொபெட்டின் இரு பக்கமும் தொங்கிய சாக்கை விலக்கிக் காட்டினார். உள்ளே எஞ்சினே இல்லை.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, ஓடாத வண்டியைத் தினமும் விடியலில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். பொழுது சாய்ந்ததும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

அவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல அசைத்தாள். எஞ்சின் இல்லாத வண்டி, லேசாக ஆடியது.

"அண்ணாச்சியை வரச் சொல்லுங்க ஏட்டையா. அப்படியே வெல்டிங் பட்டறைக்கு ஒரு போன் போடுங்க."

மறுநாள் காலையில் ஏழு பைக்கும் வந்தன, ஏழும் திரும்பிப் போயின. மொபெட் குறுக்கே நின்றது. ஆனால் அதன் முன்பக்கம் சாய்தளத்தின் கைப்பிடிக் கம்பியோடு கீல் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. பின்பக்கத்துக்கு அடியில் ஒரு சின்ன உருளைச் சக்கரம்.

இசக்கிசெல்வி வந்தாள். ஒற்றைக் கையால் தள்ளினாள். மொபெட் கதவு மாதிரித் திறந்தது. உள்ளே போய், அதே கையால் இழுத்துச் சாத்தினாள்.

"திருவேங்கடம், திருவேங்கடம்" என்று கத்திக்கொண்டிருந்த தங்கப்பழம் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் மேலே போயிருந்தாள்.

கடைக்குப் போக அவள் இனிக் கூப்பிட வேண்டிய ஆட்கள்: பூஜ்யம்.