நிற்காத படம்

வீட்டில் இருந்த பழைய ஸ்டூடியோ மானிட்டரில், வீடியோ கேம் போர்டிலிருந்து வந்த படம் மறுபடியும் மேலே உருண்டோடியது.

“மூணு நாளா மல்லுக்கட்டுறே. அந்த போர்டைத் தூக்கி எறிம்மா” என்றார் அப்பா.

“போர்டு நல்லாத்தான்ப்பா இருக்கு. படத்தை நிறுத்திப் பிடிக்கிற சின்க் சிக்னல்தான் இந்த மானிட்டர் தாங்காத அளவுக்கு வலுவா வருது.”

சின்க் வயரின் நடுவே சிக்னலைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தாள் மகள். படம் ஆடாமல் அசையாமல் நின்றது.

மறுநாள் காலை போர்டையும் மானிட்டரையும் வண்டியில் ஏற்றிப் போய், ஒரு ரிப்பேர் கடையில் ஓடவிட்டுக் காட்டினாள்.

“பிரமாதம்! யாரும்மா சரிபண்ணது?” என்றார் முதலாளி.

“நான்தான் சார். போன வாரம் நீங்க தேறாதுன்னு குப்பையில போட்ட போர்டு.”

முதலாளி அவளை உற்றுப் பார்த்தார். “உன்னை எங்கேயோ...”

“அன்னைக்குத்தான் சார் வேலை கேட்டு வந்தேன். என்னையும் தேறாதுன்னுதான் சொன்னீங்க.”

முதலாளி எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.