பூஜா வரைந்த நரம்புச் செல்

மார்ச் 12. பூஜாவின் நரம்புச் செல்லுக்குப் பதினான்கு கிளைகள் என்று நேற்று எழுதியது தவறாக இருக்கலாம். இன்று மூன்று முறை எண்ணினேன். பதினாறு.

மாலை வகுப்புச் சுவரில் அவள் படம், என் படம், அருண்ராஜ் படம் என்று வரிசையாக ஒட்டியிருக்கிறது. உள்ளிருக்கும் புரதக் கம்பிகள் தள்ளுவதால்தான் கிளை நீண்டு பக்கத்துச் செல்லைத் தொடுகிறது என்று மிஸ் சொன்னார்.

"திரும்ப வரைஞ்சியாடி?" என்று பூஜாவைக் கேட்டேன்.

"உப்பளத்துல உப்பு வாரி கையெல்லாம் எரியுது, பென்சிலையே தொடலடி. உனக்குப் பொறாமை."

உண்மைதான். புதிய கிளைகள் இரண்டும் தாளைத் தாண்டி, மடை அடைத்த பாத்தியைத் தண்ணீர் சுற்றிப் போவதுபோல் என் படத்தைச் சுற்றிப் போய், அருண்ராஜின் செல்லைத் தொட்டிருக்கின்றன.

நாளை: வகுப்புக்கு முன்பே போய், என் படத்தையும் அருண்ராஜ் படத்தையும் இடம் மாற்றி ஒட்ட வேண்டும்.