ஒரு விரல் ஆழம்

தத்தனின் உளி வழுக்கிப் புத்தரின் மூக்கு நுனி உடைந்து விழுந்ததும் குகைக்குள் எல்லாச் சத்தமும் நின்றது. மலையைக் குடைந்து எடுக்கும் கோயிலில் உடைந்ததை ஒட்டவைக்க முடியாது. குறைபட்ட முகத்தின் முன் துறவிகள் விளக்கேற்ற மாட்டார்கள். குகையை அப்படியே விட்டுவிட்டு வேறு பாறை தேடிப் போய்விடுவார்கள். முகத்தை ஒரு விரல் ஆழம் உள்ளே தள்ளிப் புதிதாகச் செதுக்கலாம். ஆனால் முகம் மட்டும் உள்ளே போனால் பள்ளமாகத் தெரியும். சுவர் முழுவதையுமே அதே ஆழத்துக்குச் செதுக்கித் தள்ள வேண்டும். அந்தச் சுவரில் இடப்பக்கம் சேந்தி செதுக்கிய யானைகளும் வலப்பக்கம் பூதன் செதுக்கிய அரசமரமும் மழைக்கு முன்பே முடிந்து நின்றன.

தத்தன் தன் உளிகளைத் துணியில் சுற்றினான்.

"எங்கடா கெளம்பிட்டே?" என்றாள் சேந்தி.

"உங்க மூஞ்சியில எப்படிக்கா முழிப்பேன்?"

"என் மூஞ்சியில மூக்கு இருக்குல்ல? நல்லா முழி."

பூதன் சிரித்தான். "யானைக்குக் காலு குட்டைன்னு நான் அப்பவே சொன்னேன். இப்பவாவது சரி பண்ணு, சேந்தி."

"ஒன் மரத்துல இருக்கறது மட்டும் இலையா? அத்தனையும் அப்பம்!"

சொல்லிக்கொண்டே அவள் தன் பெரிய யானையின் நெற்றியில் உளியை வைத்து அடித்தாள். அந்தப் பக்கம் பூதனின் உளியில் முதல் இலை உதிர்ந்தது. தத்தன் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து, யானையாக இருந்த தூளை இரண்டு கைகளாலும் அள்ளினான். அதைக் கீழே போட மனமில்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.