நாக்கர் சொன்னால் சொன்னதுதான்

"த்தூ! இதுக்குப் பேரு மாதுளைத் தோலா?" பம்பரத்தை ஒரு நக்கு நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தார் மொத்த வியாபாரி. மாதுளைத் தோல் சாயம்தான் என்று தெரிந்துபோன ஏமாற்றத்தோடு அதைக் கூடையில் எறிந்தார்.

மரச் சாமான் வியாபாரத்தில் அவருக்கு 'நாக்கர்' என்று பட்டப்பெயர். செடிச் சாயமா, டப்பா பெயின்டா என்று அந்த நாக்கு சொல்லிவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. சாயப் பட்டறை வாசலில் நின்ற இரண்டு பொம்மைக் கடைக்காரர்களும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையாட்டினால் சரக்கு மொத்தமும் இன்றே வண்டி ஏறும். இல்லாவிட்டால் பட்டறைக்காரி சாயப் பானைகளைக் கவிழ்த்துவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

"இந்த நீலம்?"

"அவுரி இலைண்ணே. நக்கிப் பாருங்க, யாரு வேணாம்னா?"

நக்கினார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதுதான் எரிச்சல். 'இயற்கை' என்று எழுதி ஒட்டாத ஏமாற்றுக்காரனை அவர் இதுவரை பார்த்ததில்லை. இவள் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவளா?

கறுப்பு வட்டக் குறி போட்ட கோணி மூட்டை ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டு பட்டறையை நோட்டம் விட்டார். மேல் தட்டில், ஒரு பீங்கான் சாசரில், தனியாக உட்கார்ந்திருந்தது கைக்கு அடக்கமான ஒரு மரப் பொம்மை. கண்ணில்லை, மூக்கில்லை, உருண்டைத் தலை, அகன்ற அடி. கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு.

"அதை எடு."

"அது விக்கிறதுக்கில்லண்ணே."

"ஓகோ! உன் வீட்டுக்காரர் விளையாடறதுக்கோ?"

கடைக்காரர்கள் சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் அவரே எட்டி எடுத்துவிட்டார்.

"அண்ணே, வெச்சிடுங்க! வாய்கிட்ட கொண்டுபோகாதீங்க!" கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் பட்டறைக்காரி.

இந்தப் பதற்றம் போதாதா? கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? அவள் பறிக்க வருவதற்குள் பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் ஒரே இழுப்பாக நக்கினார்.

"கெமிக்கல்!" கூரை அதிர்ந்தது. "எரியுது பாருங்கய்யா! இந்தக் கறுப்பு எந்த மரத்துலம்மா காய்க்குது? இப்ப சொல்லு!"

"சேங்கொட்டை மரத்துலண்ணே!" என்றாள் அவள், தலையில் அடித்துக்கொண்டு. "பொம்மையில்ல, மூட்டைக்குக் குறி போடுற முத்திரை அது. அந்தக் கொட்டையோட பால் தோல்ல பட்டாலே கொப்புளிச்சிடும்!"

நாக்கரின் முகத்தில் இருந்த இளக்காரம் இறங்கி, எரிச்சல் தொண்டைக்கு ஏறியது. அவர் நாக்கில் தடவ எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க ஓடிய பட்டறைக்காரி, பாதி வழியில் நின்று கடைக்காரர்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நாக்கு வீங்கறதுக்குள்ள, மத்ததெல்லாம் நல்ல சரக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே!"